யூரியா யாருக்குத் தீவனம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடைக்கு வைக்கோலை யூரியா தெளித்து ஊட்டமேற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, தார்ப்பாயால் மூடி 21 நாள் வைப்பது என்று அளவெல்லாம் சரியாகவே போட்டிருந்தீர்கள். ஆனால் மாட்டின் வயிற்றில் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. அது தெரியாமல்தான் நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் சினை மாட்டைப் பறிகொடுத்தேன்.

தெளிக்கக் கரைத்து வைத்த தண்ணீரை மூடாமல் விட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்த மாடு அதைக் குடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், வயிறு உப்பிக்கொண்டது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. வினிகரையும் நிறையக் குளிர்ந்த தண்ணீரையும் உடனே புகட்டியிருந்தால் பிழைக்க வழியிருந்தது என்றார். வினிகரின் புளிப்பு, அம்மோனியாவை ரத்தத்தில் ஏறவிடாமல் தடுக்குமாம்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மாட்டால் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, அதைக் கொண்டு தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. 1945இல் நோபல் பரிசு பெற்ற பின்லாந்து விஞ்ஞானி விர்த்தனென், யூரியாவையும் அம்மோனியம் உப்புகளையும் மட்டுமே நைட்ரஜனுக்குக் கொடுத்து மாடுகளைப் பால் கறக்க வைத்தவர். அந்த மாடுகளுக்கு ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கூடவே கொடுத்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். நுண்ணுயிர்கள் வளர நைட்ரஜன் மட்டும் போதாது, அதே நேரத்தில் மாவுச்சத்தும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அம்மோனியா ரத்தத்துக்குப் போகிறது. கல்லீரல் அதை மறுபடி யூரியாவாக மாற்றுகிறது, பெரும்பகுதி மூத்திரத்தில் வீணாகிறது. கல்லீரலால் சமாளிக்க முடியாத அளவுக்கு ஏறினால் எங்கள் மாட்டுக்கு ஆனதுதான் ஆகும்.

அதனால் யூரியா வைக்கோலோடு கொஞ்சம் மக்காச்சோள மாவோ தவிடோ கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். மூட்டத்தைப் பிரித்ததும் நெடி போகும்வரை ஆறவிட்டு, முதலில் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு மூன்று வாரம் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டவே வேண்டாம், அதன் முதல் வயிறு இன்னும் தயாராகியிருக்காது. வறுக்காத பச்சை சோயா இருக்கும் தீவனத்தோடு யூரியாவைக் கலக்கவே கூடாது. யூரியாவை வேகமாக உடைக்கும் நொதி அதில் இருக்கிறது.

யூரியா என்றாலே விஷம், மாட்டுப் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அகத்தியும் வேலிமசாலும் புண்ணாக்கும் தாராளமாகப் போட முடிந்தவர்களுக்கு யூரியா தேவையில்லை, சரி. சித்திரையில் வைக்கோலைத் தவிர வேறெதுவும் இல்லாத வீட்டுக்கு என்ன வழி? நானும் இன்றுவரை தெளிக்கிறேன், தொட்டியை விட்டு நகராமல்.

அடுத்த இதழில் அந்த வினிகர் முதலுதவியை மட்டுமாவது கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போடுங்கள். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்