பாட்டுக்குக் கீழே பெயர்கள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளமான ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்த பிறகு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிவுசெய்து உலகத்துக்கு வெளியிடும் தமிழ்ப் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். குரலுக்கும் காணொளிக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள், பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் படிவத்தை மட்டும் கடைசி இரவில் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். பெயரும் பணமும் தொலைவது அங்கேதான்.

பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். யாழினி என்பதை ஒரு பாட்டில் 'இசட்-எச்' போட்டும் அடுத்ததில் 'எல்' போட்டும் ஆங்கிலத்தில் எழுதினால், தளத்தின் கணக்கில் அவர் இரண்டு பாடகிகள். அதே பெயரில் சென்னையில் இன்னொருவர் இருந்தால் பாட்டு அவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதல் பாட்டிலேயே புதிய கலைஞர் பக்கம் வேண்டும் என்று கேட்டு, அடுத்த பாட்டிலிருந்து அந்தப் பக்கத்தின் இணைப்பைப் படிவத்தில் கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. தனிப்பாட்டாக வந்ததைத் தொகுப்பில் சேர்த்தாலும், பாட்டைத் தளங்களுக்கு விநியோகிக்கும் நிறுவனத்தை மாற்றினாலும் பழைய குறியீட்டையே கொடுக்க வேண்டும். ரீமிக்ஸ் போல ஒலிப்பதிவே மாறினால்தான் புதிது. கவனமில்லாமல் புதிய குறியீடு எடுத்தால் ஒரே பாட்டின் கேட்பு எண்ணிக்கை இரண்டாக உடையலாம். ஸ்பொட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பணமே இல்லை. அறுநூறும் ஐந்நூறுமாக உடைந்த பாட்டுக்கு எதுவும் கிடைக்காது.

அதிகம் அடிபடுவது இணையத்தில் வாங்கும் பீட்டில், அதாவது பாடுவதற்கு ஆயத்தமாக விற்கும் பின்னணி இசையில். மலிவு விலைக்கு வருவது பெரும்பாலும் குத்தகை. அதே பீட்டை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள். எத்தனை கேட்பு வரை செல்லும் என்ற வரம்பும் ஒப்பந்தத்தில் இருக்கும். இது தெரியாமல் படிவத்தில் யூடியூப் கொன்டென்ட் ஐடி (ஒரே ஒலி வேறு காணொளிகளில் வந்தால் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பெட்டியில் சரி போட்டுவிட்டால், யூடியூபின் இயந்திரம் அந்த இசையையே இவருடைய சொத்தாக எடுத்துக்கொள்ளும். அதே பீட்டில் பாடிய மற்றவர்களுக்கும், பீட் செய்தவரின் சொந்தக் காணொளிக்குமே உரிமைகோரல் போகும். பிறகு முறைப்பாடு வந்து பாட்டையே இறக்க நேரிடும். பீட்டின் முழு உரிமையும் வாங்காதவர்கள் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. ஆயத்தமாகக் கிடைக்கும் லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சிறு இசைத்துண்டுகளை, வைத்துச் செய்த இசைக்கும் இதுதான்.

பாட்டில் இரண்டு உரிமைகள் உள்ளன: வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. விநியோக நிறுவனம் அனுப்பும் பணம் ஒலிப்பதிவுக்கானது. அதுவும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். பாட்டெழுதியவர் பெரும்பாலும் அந்தக் கணக்கைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த வரிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. எங்கும் பதியத் தேவையில்லை. பங்கு எவ்வளவு என்பதை மட்டும் எழுதி வைக்க வேண்டும். ஒரு தாள் போதும்: பாட்டின் பெயர், திகதி, வரி, மெட்டு, இசைக்கோர்ப்பு, குரல், ஒவ்வொருவரின் விழுக்காடு, எல்லாருடைய கையொப்பம். இரண்டு உரிமைகளுக்கும் தனித்தனியே கூட்டி 100 வர வேண்டும். குரல் பதிவாகும் நாளிலேயே இதைச் செய்வது நல்லது. பாட்டு பிரபலமான பிறகு பங்கு பேச உட்கார்ந்தால் நட்புதான் முறியும்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பாட்டோடு பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் பெயரை அறிவிப்பாளர் சொல்லுவார். தமிழகத்தில் கேட்டவர்களுக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடமாகின. இன்று கைத்தொலைபேசித் திரையில் தெரிவது முகப்புப் படமும் பாடியவர் பெயரும்தான். எழுதியவரைத் தேடிப்பிடிக்க இன்னொரு பட்டியலைத் திறக்க வேண்டும். அதையும் யாராவது நிரப்பியிருந்தால்தான் உண்டு.

தங்கள் கலைப்பக்கத்தில் புதிய பாடல்களைப் பற்றி எழுதும்போது வரிகள், இசை, குரல், ஒலிக்கலவை, வெளியான திகதி ஆகியவற்றைக் கீழே சிறிய எழுத்திலாவது போடுங்கள். அனுப்புகிறவர் அந்த விவரங்களைத் தரவில்லை என்றால், செய்தியை ஒரு வாரம் தள்ளிவைத்துக் கேட்டு வாங்கிப் பிரசுரியுங்கள்.

இங்ஙனம்,
ஒலிக்கலவையாளர் ஒருவர்,
கொழும்பு 06