பிறந்த தேதி கேட்டா யோசிக்கிறவன்: இளைஞர் நீதிக் குழுமத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல மாவட்டத்துக்கு மாவட்டம், பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க மேல வர்ற கேஸை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துல உட்கார்ந்திருக்கிற மாஜிஸ்திரேட்டுக்கும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ரெண்டு சமூகப் பணியாளர்களுக்கும், பையங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சு அறிக்கை எழுதுற நன்னடத்தை அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் வக்கீல் இல்ல. திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையில, இடிந்தகரைக்குப் பக்கத்துல பிறந்து வளந்தவ, இப்போ முப்பது வயசு, கல்யாணம் ஆயி ஒரு பிள்ளை இருக்கு. இத்தனை வருஷமா எழுதணும்னு நெனச்சு எழுதாம விட்ட விஷயம் இது, ஏன்னா இதுல ஒரு பையன் இருக்கான், பதினேழு வயசுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பையன், அவன் பேரைச் சொல்லாம எப்படி எழுதுறதுன்னே தெரியாம இருந்துச்சு. பேர் வேண்டாம்னு இப்போ முடிவு பண்ணிட்டேன். ஒரு பிள்ளை மேல கேஸ் வந்தா அது பேரை வெளியில சொல்லக் கூடாதுன்னு உங்க இளைஞர் நீதிச் சட்டமே சொல்லுது, 2015 சட்டத்தோட 74ஆவது பிரிவு, நான் அதை மதிக்கிறேன்.

2012. நாங்க ரெண்டு பேரும் பிளஸ் டூ. எங்க ஊர்ப் பக்கம் அப்போ எல்லாமே கூடங்குளம் அணு உலைதான், வேற பேச்சே கிடையாது. 2011 மார்ச்ல ஃபுகுஷிமாவை டிவியில பாத்த பிறகு எங்க அம்மா, சித்தி, மாமி யாருக்கும் ராத்திரி தூக்கம் இல்ல, 2004 சுனாமியப் பாத்த கண்ணுல்ல. ஆகஸ்ட்ல இருந்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னாடி பந்தல். பொம்பளைங்க மடியில முறத்தை வச்சு பீடி சுத்திக்கிட்டே தொடர் உண்ணாவிரதம் இருப்பாங்க, ஏன்னா ஒரு நாள் சுத்தலன்னா அன்னைக்கு வீட்டுல காசு இல்ல. நானும் பள்ளிக்கூடம் விட்டு அங்கதான் போவேன், அம்மா பக்கத்துல உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுப்பேன். அவன் பந்தலுக்குத் தண்ணி எடுத்துட்டு வருவான். குடத்தை எனக்கு முன்னாடி வைக்கும்போது மட்டும் சிந்தாம வைப்பான், அவ்வளவுதான் எங்க காதல், அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனது கிடையாது, ஒரே ஒரு தடவை டியூஷன் நோட்டுல கடைசிப் பக்கத்துல ஒரு மீன் படம் வரைஞ்சு கொடுத்தான்.

பந்தல்ல தினம் சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணு, கல்லெடுக்கக் கூடாது. அடிச்சாலும் உட்கார்ந்தே இருக்கணும். ஆம்பளப் பையங்களைத் தனியா உட்கார வச்சு, யாராவது வந்து ஏசுனா என்ன பண்ணுவேன்னு ஒவ்வொருத்தனையா கேப்பாங்க. அவன் "ஒண்ணும் பண்ண மாட்டேன்"னு சொன்னது எனக்கு இப்பவும் காதுல இருக்கு. அமைதிப் போராட்டம்னா என்னன்னு நான் எந்தப் பொஸ்தகத்துலயும் படிச்சதில்ல, அங்க பாத்ததுதான்.

செப்டம்பர் 9ஆம் தேதி ஞாயித்துக்கிழமை அணு உலைக்குப் பக்கத்துல கடற்கரைக்கு எல்லாரும் நடந்து போனோம், ராத்திரி மணல்லயே படுத்தோம். மறுநாள் 10ஆம் தேதி நடந்தது நாட்டுக்கே தெரியும், தடியடி, கண்ணீர்ப் புகை, சனம் கடல்ல எறங்கி ஓடுச்சு, அதே நாள் மணப்பாட்டுல துப்பாக்கிச் சூட்டுல ஒரு மீனவர் செத்தார். 13ஆம் தேதி கடல்ல இடுப்பளவு தண்ணியில கைகோத்து நின்னோம், நானும் நின்னேன், அவன் நிக்கல. அதுக்கு முந்தின நாளே அவனைப் பிடிச்சுட்டாங்க. பாட்டிக்கு மாத்திரை வாங்க பஸ்ஸுக்கு நின்னவனை, மாத்திரைச் சீட்டு கையில இருக்கும்போதே.

எந்த ஸ்டேஷன்னு இங்க சொல்லல, யாரையும் இப்போ தண்டிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. ஆனா அங்க நடந்த ஒண்ணை நீங்க தெரிஞ்சுக்கணும். வயசு என்னன்னு கேட்டிருக்காங்க. பதினேழுன்னான். அடிச்சாங்க. மறுபடி கேட்டாங்க, பதினேழுன்னான், மறுபடி அடி. பத்தொன்பதுன்னு சொல்ற வரைக்கும். பத்தொன்பதுன்னு எழுதிக்கிட்டாங்க. பதினெட்டுக்குக் கீழ இருக்கிற பிள்ளையை லாக்கப்ல வைக்கக் கூடாது, ஜெயில்ல வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துல குழுமத்துக்கு முன்னாடி கொண்டு வரணும்னு அப்போ இருந்த 2000ஆம் வருஷச் சட்டத்துலயும் இருந்துச்சு, இப்போ இருக்கிற 2015 சட்டத்துலயும் இருக்கு. அந்த ஒரு நம்பரை மாத்தி எழுதிட்டா மொத்தச் சட்டமும் அந்தப் பையனுக்கு இல்லாமப் போயிடுது, அது எழுதுறவங்களுக்கும் நல்லாத் தெரியும்.

அவன் அம்மா, நான் மாமின்னு கூப்பிடுவேன், பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மேல இன்னொரு கவர் போட்டு, மார்போட அணைச்சுக்கிட்டு ஸ்டேஷன், கோர்ட்டு, வக்கீல் வீடுன்னு நடந்தாங்க. படிப்பு கிடையாது, அந்தத் தாள்ல எந்த எடத்துல பிறந்த தேதி இருக்குன்னு நான்தான் விரலை வச்சுக் காட்டிக் கொடுத்தேன், அதுக்கப்புறம் யார் கேட்டாலும் அந்த எடத்துல கரெக்டா விரலை வைப்பாங்க. பதினோரு நாள் ஆச்சு அவன் பிள்ளைதான்னு ஒத்துக்கிட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு, அதாவது கேஸ் விசாரணையில இருக்கும்போது பிள்ளைங்களை வைக்கிற இல்லத்துக்கு, மாத்த. அந்தப் பதினோரு நாளும் பெரியவங்களோட ஜெயில்ல.

கூர்நோக்கு இல்லத்துல என்ன நடந்துச்சுன்னு அவன் யார்கிட்டயும் சொல்லல. நான் யூகிச்சு எழுதக் கூடாது. ஆனா 2022 டிசம்பர் 31 அன்னைக்கு செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துல பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் அடிபட்டுச் செத்தான்னு நியூஸ் வந்தப்போ, பேட்டரி திருடுனான்னு பிடிச்ச பையன், அங்க வேலை பாத்த ஆறு பேரைக் கைது பண்ணாங்கன்னு படிச்சப்போ, எனக்குக் கை நடுங்கி போனைக் கீழ வச்சுட்டேன். அதுக்கப்புறம் அரசு, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி சந்துருவை வச்சு இல்லங்களை எப்படிச் சீர்திருத்தலாம்னு ஒரு கமிட்டி போட்டுச்சு, அவரும் அறிக்கை கொடுத்துட்டாரு. அந்த அறிக்கை உங்க மேசையில இருக்கணும், தினமும் கண்ணுல படுற எடத்துல.

அவன் வெளிய வந்தது கார்த்திகை மாசம். பந்தலுக்கு வந்தான், குடத்தை வச்சான், தண்ணி சிந்துச்சு. என்னைப் பாக்கல. நான் என்னென்னவோ நெனச்சேன், என் மேல கோவமோ, வேற யாரையாவது பிடிச்சுப் போச்சோன்னு, பதினேழு வயசுல வேற என்ன தோணும். இப்போதான் புரியுது, அவனுக்கு யார் முகத்தையும் நேராப் பாக்க முடியல. டியூஷனுக்கு ஃபார்ம் ஒண்ணு எழுதும்போது சார் பிறந்த தேதி கேட்டாரு, அவன் ஒரு நிமிஷம் சும்மா நின்னான். தெரியாம இல்ல. எதைச் சொன்னா அடி விழாதுன்னு யோசிச்சான். அந்த ஒரு நிமிஷத்தை நான் பக்கத்து பெஞ்சுல இருந்து பாத்தேன், இந்த மடல் முழுக்க அதுக்காகத்தான் எழுதுறேன்.

இனி நான் உங்ககிட்ட கேக்க வந்த விஷயம். அவன் மேல போட்ட பிரிவுகள்ல 124-ஏ இருந்துச்சு, தேசத்துரோகம். எங்க பக்கம் ஆயிரக்கணக்கான பேர் மேல அதைப் போட்டாங்க, அதுல ஒருத்தன்தான் அவன். 2013 மே 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அணு உலையத் தொறக்கலாம்னு தீர்ப்பு சொன்னப்போ எங்களுக்கு நெஞ்சே ஒடிஞ்சுச்சு, ஆனா அதே தீர்ப்புல போராடுனவங்க மேல இருக்கிற கிரிமினல் வழக்குகளை வாபஸ் வாங்க முயற்சி எடுக்கணும், அந்தப் பகுதியில அமைதி திரும்பணும்னு சொல்லியிருந்தாங்க. அமைதின்னு அவங்க சொன்ன வார்த்தையத்தான் நாங்க பிடிச்சுக்கிட்டோம். நிறைய வழக்கு வாபஸ் ஆச்சு, மிச்சம் கிடந்துச்சு, 2021லகூட வாபஸ் வாங்குறதா அறிவிப்பு வந்துச்சு. அவன் கேஸ் எந்தக் கட்டுல இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல.

நாலு மாசத்துல விசாரணையை முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு. அவனுக்கு நாலு வருஷம் வாய்தா. முதல் வருஷம் மாமி கூடப் போனாங்க, அப்புறம் அவனே தனியாப் போனான். ஒரு தடவை ஒரே பஸ்ல நான் காலேஜுக்கும் அவன் வாய்தாவுக்கும் போனோம், அவனுக்கு அப்போ இருபது வயசு, மீசையெல்லாம் வந்துடுச்சு, சின்னப் பையங்களோட வரிசையில உட்கார்ந்து பேர் கூப்பிடுறாங்களான்னு காத்துக் கெடக்கணும். கப்பல் வேலைக்குப் போகணும்னு எங்க பக்கத்துப் பையங்க எல்லாருக்கும் இருக்கிற கனவு அவனுக்கும் இருந்துச்சு. கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேணும், பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன், அங்க கேஸ் நிலுவையில்னு வந்து நிக்கும். மூணு தடவை போட்டான். மூணாவது தடவைக்கு அப்புறம் கொல்லத்துக்கு விசைப்படகுக்குப் போயிட்டான், இப்பவும் அங்கதான்.

2015 சட்டத்துல 3ஆவது பிரிவுல அடிப்படைக் கொள்கைகள்னு இருக்குல்ல, அதுல ஒண்ணு புதுசாத் தொடங்குற உரிமை, ஒரு பிள்ளையோட பழைய பதிவுகள் எல்லாத்தையும், ரொம்ப விசேஷமான சூழ்நிலை தவிர, அழிச்சுடணும்னு. 24ஆவது பிரிவு தண்டனைப் பதிவை அழிக்கச் சொல்லுது, அந்தப் பிள்ளைக்கு அதனால எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாதுன்னு சொல்லுது. படிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துச்சு, இப்படியெல்லாம் நம்ம சட்டத்துல எழுதி வச்சிருக்காங்களான்னு. ஆனா பாருங்க, குத்தம் பண்ணான்னு முடிவானவனுக்குப் பதிவை அழிக்க ஒரு நாள் வருது. எதுவுமே முடிவாகாம நிலுவையில கெடக்குறவனுக்கு அந்த நாள் வரவே மாட்டேங்குது. குத்தம் செஞ்சவனுக்குக் கிடைக்கிறது செய்யாதவனுக்குக் கிடைக்கல. இதை யார் கேப்பா, உங்களைத் தவிர?

நான் இப்போ நாலஞ்சு பேரோட சேந்து பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைங்ககிட்ட சண்டை, சாதி, கோவம் பத்தியெல்லாம் பேசுறேன், பந்தல்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் அங்க சொல்லிக் கொடுக்கிறேன். 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீட்டுக்குள்ள புகுந்து கூடப் படிக்கிற பையங்களே வெட்டுனதுக்கு அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான், "அவனுங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா அக்கா?" ஒரு பொண்ணு எந்திரிச்சு நின்னு அழுதுகிட்டே கேட்டா. உண்டுன்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கு வாய் வரல, அந்தத் தங்கச்சி கையை நெனச்சா இப்பவும் வயித்தைப் பெசையுது. ஆனா உண்டுன்னுதான் சொன்னேன். கொடூரக் குற்றம்னா பதினாறு வயசு முடிஞ்ச பையனைப் பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமான்னு முடிவு பண்ற முதல்கட்ட மதிப்பீடு உங்க கையிலதான் இருக்கு, 15ஆவது பிரிவு, அவனோட மனசு, உடம்பு, விளைவு புரியுமா, எந்தச் சூழ்நிலையில செஞ்சான் எல்லாம் பாக்கணும். அதை ஒரு மனநல நிபுணர் இல்லாம, ரெண்டு பக்க ஃபார்ம்ல டிக் அடிச்சு முடிச்சுடாதீங்க. அந்தப் பையங்க கையில அரிவாளைக் கொடுத்த சாதிப் பெருமைய யார் ஊட்டுனாங்கன்னும் எழுதுங்க. காயப்பட்ட பிள்ளைங்களுக்கு நியாயம் கிடைக்கணும், அதுல ஒரு நூல் கூட கொறையக் கூடாது. ரெண்டும் சேந்து நடக்கும்னு நான் நம்புறேன், நம்பலன்னா பள்ளிக்கூடத்துக்குப் போய் நிக்க எனக்கு எந்த அருகதையும் இல்ல.

அதே சமயம், தண்ணிக்குடம் தூக்குனவனையும் அரிவாள் தூக்குனவனையும் ஒரே கூர்நோக்கு இல்லத்துல ஒரே ஹால்ல படுக்க வைக்காதீங்க. பெட்டிஷன்ல இருக்கிற பிரிவைப் பாத்துப் பயப்படாம பையனோட முகத்தைப் பாருங்க. வயசுல சந்தேகம்னா அன்னைக்கே மார்க் ஷீட்டைக் கேளுங்க, அம்மா வெளிய வராண்டாவுலதான் நிப்பாங்க, கூப்பிட்டா ஓடி வருவாங்க. மேல அடி இருக்கான்னு தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க, கூட்டிட்டு வந்த போலீஸை வெளிய நிக்கச் சொல்லிட்டு. கேஸ் வாபஸ் ஆச்சுன்னா, விடுதலைன்னா, முடிச்சு வைக்கிறோம்னா, அதை ஒரு தாள்ல எழுதி சீல் போட்டு அந்தப் பிள்ளை கையில கொடுங்க, ஸ்டேஷனுக்கும் ஒரு காப்பி அனுப்பி அங்க இருக்கிறதை எடுக்கச் சொல்லுங்க, எடுத்தாச்சான்னு திரும்பக் கேளுங்க. பத்து வருஷம் முன்னாடி தூங்கிப் போன பழைய கட்டுகளைப் பிரிச்சுப் பாருங்க. அதுல பிள்ளைங்க இருக்காங்க, இப்போ அவங்களுக்கே பிள்ளைங்க இருக்கும்.

போன வருஷம் மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். அவன் வரல, சீசன் நேரம். மாமி என் பிள்ளையை மடியில வச்சுக் கொஞ்சுனாங்க. எனக்கும் அவனுக்கும் இருந்தது அவங்களுக்குத் தெரியும், எப்பவும் தெரியும்னு நெனக்கிறேன், ஒண்ணும் கேட்டதில்ல. என் வீட்டுக்காரருக்கும் நான் சொல்லியிருக்கேன், இந்த மடலை முதல்ல படிச்சதும் அவர்தான். கெளம்பும்போது மாமி உள்ள போய் டிரங்குப் பெட்டியத் தொறந்து அந்தக் கவரை எடுத்துட்டு வந்தாங்க. பிளாஸ்டிக் மஞ்சளாயி ஒட்டிப் போயிருந்துச்சு. பிரிக்காமலே கரெக்டா அந்த எடத்துல விரலை வச்சாங்க.

"மக்கா, இதை இன்னும் எடுத்து வச்சிருக்கணுமா, இல்ல போதுமா?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தெரியல மாமி, கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். உங்ககிட்டதான் கேக்குறேன்.