மரைக்காயருக்குக் கொள்ளையன் வேடம் கட்ட மாட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வேடம் கட்டிப் பிழைக்கிறவன். அடிப்படையில் நாடகக்காரன், வள்ளி திருமணத்தில் ராஜபார்ட் போட்டு வளர்ந்தவன். திருவிழாக் காலம் முடிந்தால் எங்களுக்கு மேடை கிடையாது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மாதங்களில், அரியமான், மண்டபம் பக்கத்து விடுதிகளில் கூடுகிற, கடற்கொள்ளையர் கதை என்றால் உயிரை விடுகிற ரசிகர்கள் முன்னால், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மாலுமியாகப் போய் நிற்கிறேன். கதை சொல்வேன், கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டுவேன், யார் என்ன கேட்டாலும் வேடத்தைக் கலைக்காமல் பதில் சொல்வேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு "கீழக்கரை மரைக்காயர், கடல் கொள்ளையர் தலைவன்" என்று ஒரு பாத்திரம் வேண்டும் என்றார்கள். மரைக்காயர் என்றால் இந்தக் கடலில் கப்பலோட்டி வணிகம் செய்த முஸ்லிம்கள். இடுப்பில் கைலி, தலையில் தொப்பி, ஒரு கண்ணில் கறுப்புத் துணி, தோளில் பிளாஸ்டிக் கிளி. வழக்கத்தைவிடச் சம்பளமும் கூட. முடியாது என்று சொல்லிவிட்டேன். "சும்மா ஜாலிக்குத்தானே, இதில் என்ன இருக்கு" என்று கேட்டார்கள். என்ன இருக்கிறது என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் ரசிகர்களைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் தப்பு அவர்கள் மேல் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரை, சென்னை, கோவையிலிருந்தெல்லாம் வருகிறார்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள் என்று. பிளாக்பியர்ட் என்ற கொள்ளையன் 1718 நவம்பரில் வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவருகே கொல்லப்பட்டதைத் தேதியோடு சொல்வார்கள். செப்டம்பர் 19 அன்று, அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள் 1995-ல் விளையாட்டாகத் தொடங்கிய 'கொள்ளையர் மாதிரிப் பேசும் நாள்' என்று ஒன்றைக் கொண்டாடுவார்கள். அப்போது கச்சான் காற்று தென்கடலைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும், அரியமான் இருக்கிற வடகடல் சாதுவாகக் கிடக்கும், அதனால் அங்கேதான் கூட்டம். இவர்களை வெள்ளைக்காரப் பைத்தியம் பிடித்தவர்கள் என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. பாய்மரம் எப்படி வேலை செய்யும், பீரங்கிக்கு எத்தனை பேர் வேண்டும், தண்ணீர்ப் பீப்பாய் கெட்டுப்போனால் என்ன செய்வார்கள் என்று ராத்திரி முழுக்கக் கேட்கிறவர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? அவர்கள் தயவில்தான் நானும் படித்தேன். பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கொள்ளையன் கப்பலில் இருந்த விதிகளை ஒரு பையன்தான் எனக்கு முதலில் சொன்னான். எல்லோருக்கும் ஓட்டு உண்டு, ராத்திரி எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், சண்டையில் கை கால் போனவனுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஈடு, வாத்தியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. விடிய விடிய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பாடியவனுக்கு அந்தக் கடைசி விதியைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஒற்றைக்கண் துணிக்குச் சரியான ஆதாரம் கிடையாது, பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளியதெல்லாம் பெரும்பாலும் கதைக்காரர்கள் கட்டியது, கொள்ளையடித்ததைப் புதைத்து வைத்தவர்களைவிடக் குடித்துத் தீர்த்தவர்களே அதிகம் என்று சொன்னால், இன்னும் சொல்லுங்கள் என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். என் உடையும் அப்படி மாறியதுதான். ஆரம்பத்தில் பழைய ராஜபார்ட் வெல்வெட் கோட்டில் ஜிகினாவைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனேன். கடலோடிக்கு ஏது வெல்வெட்? இப்போது கித்தான் துணியில் தொளதொளவென்று கால்சட்டை, மேலே குட்டையான சட்டை, அவ்வளவுதான். துணியில் தார் தடவினால் உப்புத் தண்ணீர் இறங்காது என்பதால் அந்தக் கால மாலுமிகள் அப்படிச் செய்தார்கள். நம் ஊர் வெயிலில் அந்தத் தார் இளகி முழங்காலோடு ஒட்டிக்கொள்ளும், நாற்றம் வேறு. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கி பூவரசங்கட்டையில் செதுக்கியது. கம் வைத்து ஒட்டிய தாடி வேர்வையில் ஓரத்தில் பிரியும், அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டே கதை சொல்லப் பழகிவிட்டேன்.

கதையிலும் எதையும் மறைப்பதில்லை. ரசிகர்களுக்கு ஹென்றி எவரி என்றால் உயிர். 1695-ல் ஔரங்கசீப்பின் கன்ஜ்-இ-சவாய் கப்பலைப் பிடித்தவன், கடைசிவரை அகப்படாதவன். ஒருமுறை தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழக்கரையிலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு பெரியம்மா, அந்தக் கப்பலில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். மக்காவுக்குப் போய்விட்டுச் சூரத் திரும்பிக்கொண்டிருந்த ஹஜ் பயணிகள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொம்பளைகளுக்கு என்ன ஆச்சு தம்பி?" என்றார். அவர்களுக்கு நடந்த கொடுமை அந்தக் காலப் பதிவுகளிலேயே இருக்கிறது. பிள்ளைகள் இருந்ததால் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னேன். எவரியின் ஆட்களில் சிலரை 1696-ல் லண்டனில் தூக்கிலிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அன்றைக்குக் கைதட்டல் இல்லை. மறுநாள் காலையில் அந்தப் பேரன் என்னிடம் வந்து, நம்ம பக்கத்துக் கப்பலையெல்லாம் அந்தக் காலத்தில் யார் காப்பாற்றினார்கள் என்று கேட்டான்.

சரி, அதற்குப் பதில் எங்கே இருக்கிறது? அரியமானிலிருந்து மண்டபம் போகிற வழியில் இருக்கிறது. வேதாளை. 1538-ல் கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரியின் மரைக்காயர் கப்பற்படை இந்தக் கரையில் நின்றபோது, மார்ட்டிம் அபோன்சோ டி சோசா தலைமையில் வந்த போர்ச்சுக்கீசியர்கள் தாக்கித் தோற்கடித்தார்கள். இலங்கையில் சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவிக்குப் போக வந்த படை அது. ஒரு கடற்போர் நடந்த ஊர் வழியாகத்தான் நாம் தினமும் பஸ்ஸில் போகிறோம், வருகிறோம், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

போர்ச்சுக்கீசியர்கள் மரைக்காயர்களைக் கொள்ளையர் என்றுதான் எழுதி வைத்தார்கள். ஆனால் இந்தியப் பெருங்கடலில் யார் வியாபாரம் செய்வதானாலும் தங்களிடம் கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பலையும் சரக்கையும் எடுத்துக்கொள்வோம் என்றவர்களும் அவர்களே. தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் ஓடியவன் நேற்று வந்தவனிடம் சீட்டு வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அவன் கொள்ளையன். மரைக்காயர்களும் கப்பலைப் பிடித்தார்கள், சரக்கை எடுத்தார்கள், ஆளைக் கொன்றார்கள், அதை நான் ஒளிக்கவில்லை. அது ஓர் அரசனுக்காக நடத்திய போர். சாமூதிரியின் கப்பற்படைத் தலைவராக இருந்த நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரைப் போர்ச்சுக்கீசியர்கள் 1600-ல் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். இன்றைக்கு நம் கடற்படையே மும்பையில் ஒரு தளத்துக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலேயர்கள் கொள்ளையன் என்று சொன்ன மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே பெயரிலும் ஒரு தளம் இருக்கிறது. கடற்படை மரியாதை செய்கிற மரபைச் சேர்ந்த மனிதருக்கு நான் கண்ணில் துணியைக் கட்டிக் கிளியை வைத்துக்கொண்டு ஆட வேண்டுமாம்.

ரசிகர்களிடம் இதை விளக்க எனக்கு ரொம்ப நேரம் ஆவதில்லை. வில்லியம் கிட் கதை அவர்களுக்கு அத்துப்படி: கொள்ளையரைப் பிடிக்க இங்கிலாந்து அரசரின் உத்தரவோடு புறப்பட்டவன், 1698-ல் மலபார் கடலில் ஒரு வணிகக் கப்பலைப் பிடித்தான், 1701-ல் லண்டனில் கொள்ளையன் என்று தூக்கில் தொங்கினான். அந்தக் கப்பலிடம் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது, அதனால் அதைப் பிடித்தது சரிதான் என்பது அவன் வாதம். அதைக் கேட்டவர்களிடம் கர்த்தாஸ் பற்றிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். புரியாதது நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குத்தான்.

கீழக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். அந்த வள்ளல், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கப்பல் வணிகர், கொடுத்த செல்வம் கடலில் சம்பாதித்தது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பக்கத்திலேயே பெரியபட்டினம், சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த இடம். அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்தன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கரீபியன் கொள்ளையனைக் கடன் வாங்குவதாவது பரவாயில்லை, அவனும் உலக வரலாறுதான். நம் ஊர் ஆளுக்கு அவன் சட்டையை மாட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அசல் உடை வேண்டுமென்றால் ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தின் சுவர்களைப் போய்ப் பாருங்கள். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், கிட்டத்தட்ட பிளாக்பியர்டின் அதே காலம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைச் சந்திக்க வரும் ஐரோப்பியர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தொப்பி எப்படி இருந்தது, தலைப்பாகையை எப்படிச் சுற்றினார்கள், மல் துணி உடை எதுவரை இறங்கியது என்று பென்சிலால் வரைந்துகொண்டு வந்துதான் தையல்காரரிடம் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு தங்கச்சி, விடுதியிலிருந்து வேடத்தோடு நான் வருவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு எங்க தெருப்பக்கம் வராதீக, பிள்ளைக பயப்படுது" என்றது. கோடியக்கரைப் பக்கம் நம் மீனவர்களை நடுக்கடலில் மறித்து வலை, இன்ஜின், ஜிபிஎஸ் கருவி, பிடித்த மீன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அரிவாளால் வெட்டி அனுப்பும் செய்தி உங்கள் பத்திரிகையிலேயே வருகிறதே. அந்த வீடுகளில் கொள்ளையன் என்பவன் வேடிக்கை ஆள் கிடையாது. மீனவர் தெருக்களுக்குள் நான் வேடத்தோடு நடப்பதில்லை, நிகழ்ச்சிக்கு வரும் ரசிகர்களிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன், அவர்களும் புரிந்துகொண்டு கொடியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். தடைக்காலத்தில், அந்த 61 நாளும் விசைப்படகு கரையில் நிற்கும்போது, மீனவத் தம்பிகள் சிலர் என்னோடு வந்து பாய் கட்டுவதையும் முடிச்சுப் போடுவதையும் காட்டுகிறார்கள். உண்மையான கடலோடி யார் என்று கூட்டத்துக்கு அப்போது தெரிந்துவிடும், நானே ஓரமாக நின்றுகொள்வேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விடுதி நடத்துகிறவர்கள் மரைக்காயர் வேடம் வேண்டுமென்றால் கேளுங்கள், மகிழ்ச்சியாகப் போடுகிறேன், கப்பல் வணிகராக, படைத்தலைவராக. வெயிலில் நிற்கிற கலைஞனுக்குக் குடிக்கத் தண்ணீரும் உடை மாற்ற ஒரு மறைவும் கொடுங்கள், போட்டோவுக்கு நிற்கிற பொம்மை என்று நினைத்துத் தாடியை இழுக்க விடாதீர்கள். சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் வேதாளை, கீழக்கரை, பெரியபட்டினத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வேடத்தோடு வரலாறு சொல்லும் நடையை ஏற்பாடு செய்யலாம். மேடையில்லாத மாதங்களில் இந்த மாவட்டத்து நாடகக் கலைஞர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், குரலும் இருக்கிறது, மனப்பாட சக்தியும் இருக்கிறது, சம்பளம் மட்டும் பேசினால் போதும். வரலாற்றுப் பேராசிரியர்கள் யாராவது வசனத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வேதாளைப் போருக்கு நானே அரை மணி நேர வசனம் எழுதி வைத்திருக்கிறேன்; யார் கேட்டாலும் தருகிறேன், திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். முதலில் பார்க்க ஆள் வேண்டுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், அந்தக் கொள்ளையர் ரசிகர்களே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடகக் கலைஞர்,
ராமநாதபுரம் மாவட்டம்.