41ஆவது இடமல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், மலேசியத் தோட்டத்தில் பிறந்து மருத்துவப் பேராசிரியராக உயர்ந்த நம்மவரைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் "எச்-இண்டெக்ஸ் 41 பெற்று உலக ஆய்வாளர்களில் 41ஆவது இடம்" என்ற கொட்டை எழுத்தைப் படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறிவிட்டது.

தங்களுக்குத் தெரியாததல்ல, பக்கம் கட்டிய தம்பிக்குத்தான் தெரிந்திருக்காது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. ஒருவர் எழுதியவற்றில் 41 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 41 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 41. ஏற ஏற நல்லது. உங்கள் கணக்குப்படி அவர் இன்னும் பாடுபட்டு 60ஐத் தொட்டால் 60ஆவது இடத்துக்கு இறங்கிவிடுவார், பாவம்.

இது முதல் தடவையும் அல்ல. எங்கள் ஊர்த் தீமிதிக்கு வேறு கோயில் படத்தைப் போட்டீர்கள். பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியை இடித்தபோது நான் எழுதிய கடிதம் வரவே இல்லை. அது கிடக்கட்டும்.

கட்டுரையின் கடைசி வரி, "எண்கள் பொய் சொல்வதில்லை." நான் 31 வருஷம் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். ரப்பர் பால் கொட்டகையில் வாளி வாளியாக நிறுத்தவன். வாளி கனத்தால் மட்டும் போதாது ஐயா. மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். 25 வருஷத்தில் 350 கட்டுரை என்று எழுதியிருக்கிறீர்கள். 26 நாளுக்கு ஒன்று. அதில் அவர் பேனா பிடித்தது எத்தனை, பத்துப் பெயரில் ஒரு பெயராக நின்றது எத்தனை என்று உங்கள் நிருபர் கேட்டாரா? 1998இல் லான்செட் மருத்துவ இதழில் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை வந்தது. 2010இல் அந்த இதழே அதைத் தவறென்று திரும்பப் பெற்றுக்கொண்டது. திட்டியவர்களும் மேற்கோள் காட்டித்தானே திட்ட வேண்டும்? அதுவும் கணக்கில் ஏறும்.

அவர்மேல் எனக்குப் பொறாமை என்று நினைக்க வேண்டாம். 2007இல் அவருடைய ஆட்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு இருந்த தடையைத் தளர்த்தியிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தூளிகளை அவிழ்த்துவிட்டு மேசை போட்டு, மருந்து அடிக்கும் பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். என் அக்காவும் போனார். நகம் கறுத்து, மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்துகொண்டிருந்த நேரம். ஆளுக்கு ஒரு டின் மைலோ, ஒரு துண்டு, கையில் ஒரு நம்பர் சீட்டு. "ரிசல்ட் வரும்மா" என்றார்கள். அக்காவின் நம்பர் 17. அந்தச் சீட்டு இன்னும் முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் என் மகள், அந்த ரத்தத்தை வைத்து அவர் எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். தோட்டத்தின் பெயர்கூட இல்லை, "வட பேராக்கில் ஒரு தோட்டம்." அவருடைய கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஐந்தில் அதுவும் ஒன்றாம். எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் படித்துவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் யாரும் ஒரு வரி சொல்லவில்லை. 2020 ஜனவரி 1 முதல் அந்த மருந்துக்கு முழுத் தடை வந்தபோது, "அப்போ என் ரத்தத்துல என்னதான்டா இருந்துச்சு?" என்று கேட்டார். என்னால் என்ன சொல்ல முடியும்?

1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டரும் தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியது எத்தனை என்று எண்ணியவர்தான். எண்ணிய கையோடு காட்டை வெட்டி, தண்ணீர் வடியக் கான் எடுத்து, கொசுவை ஒழிக்கவும் வைத்தார். அதைத்தான் கேட்கிறேன்.

ஆகவே 41ஆவது இடம் தவறு என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வரன் விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் பரவாயில்லை. பேராசிரியர் நன்றி சொல்லத் தங்களைக் கூப்பிட்டால், 17ஆம் நம்பர் இன்னும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.