தக்கலை பஸ்ஸில் வந்த அண்ணாச்சிக்கு நன்றி

நாகர்கோவிலில் ஒரு சின்ன கலை அறக்கட்டளையில் நிதி திரட்டும் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். வில்லுப்பாட்டும் தோல்பாவைக் கூத்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் வில்லுக் கலைஞர்களுக்கு வேலை இருக்கும். மற்ற மாதங்களில் வகுப்பு நடக்க நன்கொடைதான் வழி.

வடசேரியில் ஏறிய பஸ்ஸில், என் மடியிலிருந்த ரசீது புத்தகத்தைப் பார்த்து நீங்களாகவே பேச்சுக் கொடுத்தீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர் என்றீர்கள். "மக்கா, ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமா வாங்கினா, குடுக்கிறவங்களுக்கு 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்காது. செக்கோ ஜிபேயோ கேளு" என்று தொடங்கி, ரசீதுக்குப் பான் எண் ஏன் வேண்டும், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை என்பதுவரை பொறுமையாக விளக்கினீர்கள்.

கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியை எதற்கெல்லாம் தரலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டம் 2013-இன் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளும் இருக்கின்றன, அதனால் அந்த நிதியைக் கேட்க நமக்கும் இடமுண்டு என்றீர்களே, அதுதான் எனக்குப் பெரிய தெம்பு. அதற்கு முதலில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் அறக்கட்டளையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் என் நோட்டில் நீங்களே எழுதித் தந்தீர்கள். அப்புறம், "சட்டம் பேசினா மட்டும் போதாது, பிள்ளையள் பாடுறதக் கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றீர்கள்.

பதிவு வேலையைத் தொடங்கிவிட்டோம். பெயர் கேட்பதற்குள் தக்கலையில் இறங்கிவிட்டீர்கள். இதைப் படித்தால் ஒருமுறை வகுப்புக்கு வாருங்கள் அண்ணாச்சி. நெஞ்சார்ந்த நன்றி.