குணமதியார் பெயர் உள்ள மலை

ஆசிரியருக்கு வணக்கம்.

வார விடுமுறையில் ஏறிவர ஏற்ற மலைகள் என்று போன இதழில் கட்டுரை போட்டிருந்தீர்கள். எல்லாம் கொடைக்கானல், மேகமலை என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய இடங்கள். மதுரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரில், நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறதே, அது ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை? "அதெல்லாம் ஒரு மலையா சார்" என்பார்கள். சரிதான், முட்டிவலிக்காரனான நானே ஏறுகிறேன். பாறையிலேயே படி வெட்டியிருக்கிறது, நின்று நின்று போனாலும் மூச்சு வாங்குவதற்குள் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வந்துவிடும்.

அடிவாரத்தில் அய்யனார் கோவில், ஆலமரம், தாமரைக்குளம். விடிந்ததும் போய்விட்டால், குளத்தில் மூழ்கிய முக்குளிப்பான் எங்கே தலைதூக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே கொஞ்ச நேரம் ஓடிவிடும். மேலே மயில் அகவும். வெயில் ஏறினால் பாறைக்குப் பாறை கரட்டாண்டி, அதாவது ஓணான். குரங்குகளும் உண்டு, தின்பண்டப் பை உங்கள் கையில் இருந்தாலும் அது உங்களுடையது இல்லை.

பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டி வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கீறல்தான். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் மெல்லிசாக நிழல் தங்கும், அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். ஒன்றில் "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி" என்றிருக்கிறது. அச்சணந்தி ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என்று இந்த வட்டாரத்து மலைகள் பலவற்றில் சிற்பம் செய்வித்த சமண முனிவர். மகன் துறவி, அம்மாவோ 1,100 வருஷத்துக்கு முன்னால் கல்லில் தன் பெயரை வெட்டச் சொன்னபோதும் மகன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்! எங்கள் தெருவில் இன்றைக்கும் "இன்னார் அம்மா" என்றுதான் கூப்பிடுகிறோம்.

சுலபமாக ஏறலாம் என்பதே இந்த மலைக்கு வினையாகவும் இருக்கிறது. பாறையில் ஆணியால் பெயர் கீறி, பக்கத்தில் அம்பு விட்ட இதயம் வேறு. குணமதியார் ஒரு திருமேனியைச் செய்து வைத்துவிட்டல்லவா பெயர் போட்டார்? இன்னும் சிலர், போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எழுத்தின் மேலேயே சாக்பீஸைத் தேய்க்கிறார்கள். எடுத்துச் சொன்னால், "நீங்க யாரு?" என்கிறார்கள்.

அப்புறம், மறுபக்கம் இருக்கும் செட்டிப்பொடவையும் விட்டுவிட வேண்டாம். பொடவு என்றால் எங்கள் பக்கம் குகை. உள்ளே, சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருபவனோடு சண்டையிடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம் இருக்கிறாள். கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுமையாக நின்றால்தான் தெரிவாள்.

இந்த மலையைப் பற்றி எழுதினால், படத்தோடு கல்வெட்டு வாசகத்தையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். மக்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு கல்லோடு ஒப்பிட்டுப் படிப்பார்கள். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, என் பேத்தி அப்படித்தான் "தாயார்" என்ற சொல்லை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை