எந்தக் காலத்துக் கோட்டையை மீட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்கோட்டைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, சீரமைப்பு என்பது கட்டடத்தை அதன் மூல வடிவத்துக்கே கொண்டுசெல்வது என்று வரையறுத்திருந்தது. கோவாவில் மாண்டோவி ஆற்றின் வடகரையில், பனாஜிக்கு எதிரே குன்றின்மேல் நிற்கும் ரெய்ஸ் மாகோஸ் கோட்டையை அண்மையில் பார்த்துவந்த எனக்கு அதில் உடன்பாடில்லை.

போர்த்துக்கீசியர் 1551இல் எழுப்பி, 1707இல் பெருமளவு திருத்திக் கட்டிய கோட்டை அது. நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலேயப் படை அங்கே தங்கியிருந்தது. பின்னர் சிறைச்சாலையாகி, 1961இல் கோவா விடுதலை பெற்ற பிறகும் அப்படியே நீடித்து, 1993இல்தான் சிறை மூடப்பட்டது. இவற்றுள் எதை மூல வடிவம் என்று கொள்வது? 1707ஐத் தேர்ந்தெடுத்தால், விடுதலைப் போராளிகள் அடைபட்டிருந்த சிறையின் தடயத்தையே துடைத்துவிட நேரும். பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் ஹெலன் ஹாம்லின் அறக்கட்டளையும் கோவா அரசுடன் சேர்ந்து சீரமைத்து 2012இல் திறந்த அக்கோட்டையில், நல்லவேளையாக, அப்படி நடக்கவில்லை. பீரங்கிகளும் இருக்கின்றன, போராளிகளை நினைவுகூரும் காட்சிக்கூடமும் இருக்கிறது. கோவாவின் கேலிச்சித்திரக் கலைஞர் மரியோ மிராண்டாவின் கோட்டோவியங்களைப் போர்க்கோட்டைக்குள் மாட்டியது பொருந்துமா என்று முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, ஆள் நடமாட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தால்தான் எந்தக் கட்டடமும் பாழாகாமல் தப்பும் என்றே தோன்றுகிறது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இன்னொன்று, கல். அங்குள்ள மதில்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. கிட்டே சென்று பார்த்தால் அக்கல்லின் முகமெங்கும் விரல் நுனி நுழையும் அளவுக்குப் புழைகள் தெரியும். மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகும் இக்கல், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் அந்த மண்ணில் நீரைக் குடிக்கத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியுண்டு, சிமென்ட் பூசினாலோ அது உள்ளேயே தங்கி, கல்லை நாளடைவில் உதிர்த்துவிடும். பளபளப்புக்காகச் சிமென்ட் பூசுவதைச் சீரமைப்பு என்று அழைப்பதை நாம் எப்போது நிறுத்தப்போகிறோமோ தெரியவில்லை.

பல காலத்துக் கட்டுமானங்களையும் மதிக்க வேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்று பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையாகிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் தெளிவாகவே கூறுகிறது. கட்டுரையின் அடுத்த பகுதியில் அச்சாசனத்தின் இவ்விரு விதிகளையும் விளக்கி எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்